கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் மணமுறிவும் பிள்ளைப் பராமரிப்பு உரிமையும்: வழக்கறிஞரைத் தேடிய வழிகளின் வரலாறு

முன்னுரை

மலேசியத் தோட்டப்புறத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் கூலி, குடியேற்றம், தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றைச் சுற்றியே எழுதப்பட்டு வந்துள்ளது. குடும்பம் அவ்வரலாற்றின் ஓரத்தில் வருகின்றது. முறிந்த குடும்பமோ அந்த ஓரத்திலும் இடம்பெறுவதில்லை. கணவனும் மனைவியும் பிரிந்தபின் பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்ற வினாவை ஒரு தோட்டத் தொழிலாளி எவரிடம் கொண்டு சென்றார், அதற்கு விடை சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அந்த அதிகாரம் காலப்போக்கில் எங்கே நகர்ந்தது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா ஏட்டிலிருந்து எழுந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர்த் தாலாட்டுப் பாடல்களைத் தொகுப்பதற்காகக் கேமரன் மலையிலுள்ள ஒரு தோட்டத்து லயத்திற்கு நாம் சென்றிருந்தோம். மூதாட்டி ஒருவர் பாடி முடிக்கும்வரை வாசற்படியில் பொறுமையாக அமர்ந்திருந்த இளம்பெண் ஒருவர், ஒலிப்பதிவுக் கருவியை நாம் நிறுத்திய பிறகு, "சார், புள்ளைய வாங்கிக் குடுக்கிற லாயரு யாராச்சும் தெரியுமா?" என்று கேட்டார். நமக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவருடைய தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தோம். அவர் நிலம், வீடு வாங்கும் ஆவணங்களை மட்டுமே கவனிப்பவர் என்பது பின்னரே நமக்குத் தெரியவந்தது. முனைவர் பட்டம் பெற்ற நாமே பிழையான வாசலைக் காட்டியிருக்கின்றோம் என்றால், அப்பெண் தாமாகத் தேடியிருந்தால் எங்கே போய் நின்றிருப்பார் என்ற எண்ணம் நம்மை விட்டு அகலவில்லை. இக்கட்டுரைக்கான தொடக்கம் அதுவே.

தோட்டத்து நியாயம்

1885இல் நிலவளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு குறித்த இம்மலைப்பகுதி, தாப்பாவிலிருந்து சாலை அமைக்கப்பட்ட பின்னரே பெருந்தோட்டங்களுக்கு உரியதாயிற்று. ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம் உருவாயிற்று. புளூ வேலி, சுங்கை பாலாஸ் போன்ற பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாகவும் நிலைத்துவிட்டதை ஆசிரியப் பெருமக்கள் அறிவர். தேயிலை, ரப்பரைவிடக் குடும்ப உழைப்பை மிகுதியாக நாடிய பயிர். கொழுந்து பறிக்கும் வேலையில் பெண்கள் பெரும் பங்கு வகித்தனர். ஆகவே தோட்ட நிருவாகத்திற்குத் தனி ஆளைவிடக் குடும்பமே தேவைப்பட்டது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தபின், இருக்கின்ற குடும்பங்களைத் தக்கவைத்துக் கொள்ளும் தேவை மேலும் கூடியிருக்க வேண்டும்.

லயத்து வீடு கம்பெனிக்கு உரியது. வேலை இருக்கும்வரைதான் வீடு. எனவே லயத்தில் நிகழும் கணவன் மனைவி சண்டை இருவருக்குள் முடியும் சண்டையாக இருக்கவில்லை. மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் குறைந்தால் மண்டோர் கேட்பார், மண்டோருக்குப் பின் கிராணியார் கேட்பார், கிராணியாருக்குப் பின் துரை கேட்பார். இவ்வாறு குடும்ப வழக்கு தொழில் ஒழுங்கின் ஒரு பகுதியாகவே விசாரிக்கப்பட்டது. கங்காணியோ கோயில் தலைவரோ மாரியம்மன் கோயில் முன்றிலில் கூட்டத்தைக் கூட்டி இருதரப்பையும் கேட்பார்கள். தாலியும் நகையும் திருப்பித் தரப்படும். பால்குடி மறவாத பிள்ளை தாயிடமும், வளர்ந்த ஆண்பிள்ளை தகப்பனிடமும் போவது பொதுவழக்கம் என்று முதியவர்கள் கூறக் கேட்டிருக்கின்றோம்.

இவ்வழக்கம் மலாயாவில் புதிதாக முளைத்ததன்று. தமிழகத்தில் பல சாதிகளிடையே மணவிலக்கும் மறுமணமும் வழக்கில் இருந்தமையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளும் பதிவு செய்துள்ளன. 'தீர்த்துவிடுதல்', 'அறுத்துக் கட்டுதல்' ஆகிய சொற்கள் இன்றும் முதியோர் நாவில் உள்ளன. 'விவாகரத்து' என்ற வடசொல்லும் அரபுச்சொல்லும் கலந்த சொல்லாட்சி பின்னர் வந்து இவற்றைக் கொச்சை என்று ஒதுக்கிவிட்டது. நம் மாணவர்கள் மணவிலக்கு என்பது மேலைநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று கட்டுரை எழுதும்போது நாம் சிவப்பு மையால் வட்டமிடுவது இதனாலேயே.

தோட்டத்து நியாயத்தைப் புகழவும் இயலாது, முற்றாகப் பழிக்கவும் இயலாது. அது தமிழில் நடந்தது, செலவில்லாதது, ஓரிரவில் முடிந்தது. ஆயின் தீர்ப்புச் சொல்பவர் பல வேளைகளில் கணவனின் உறவினராகவோ அவனுக்குக் கடன் கொடுத்தவராகவோ இருந்தார். தீர்ப்பு ஏட்டில் ஏறவில்லை. தகப்பன் வேறு தோட்டத்திற்குப் பிள்ளையுடன் போய்விட்டால் கேட்க நாதியில்லை. நாம் இலண்டனில் ஆய்வு செய்த காலத்தில் புரட்டிய மலாயாத் தொழிலாளர் இலாகா ஆண்டறிக்கைகளில் தோட்டத்துப் பிள்ளைகள் பிறப்பு எண்ணிக்கையாகவும் இறப்பு விழுக்காடாகவும் வருகின்றனர். தாய்க்கும் தந்தைக்கும் இடையே நிற்கும் பிள்ளையை நாம் பார்த்த பக்கங்களில் காணவில்லை. அண்மையில் அருணிமா தத்தா 2021இல் வெளியிட்ட நூல், மலாயாவின் இந்தியக் கூலிப் பெண்கள் தம் மணவாழ்க்கைப் பிணக்குகளில் வெறும் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் இருக்கவில்லை என்பதை ஆவணங்களின்வழிக் காட்டியுள்ளது. அந்த நோக்கில் பிள்ளை பற்றிய வழக்குகளும் தேடப்பட வேண்டும்.

1982க்கு முன்

சென்னை மாகாணம் 1949இலேயே இந்துக்களுக்கு இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்கை அனுமதிக்கும் சட்டத்தை இயற்றியது. 1955இல் இந்து திருமணச் சட்டம் இந்தியாவின் மிகப் பெரும்பகுதிக்கும் வந்தது. கடலுக்கு இப்பால் இருந்த உறவினர்க்கு இவ்வுரிமை கிட்டவில்லை. மலாயாவின் 1952ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டம் ஒருதார மணங்களுக்கே உரியது. இந்து வழக்கப்படி நடந்த மணம் பலதாரத்துக்கு இடமளிப்பது என்று கருதப்பட்டமையால், சிவில் முறையில் பதிந்துகொண்டவர் தவிர ஏனையோர் நீதிமன்றத்தில் மணவிலக்குக் கோர வழியில்லை. மணவிலக்கு இல்லாத இடத்தில் மணவிலக்கையொட்டிய பராமரிப்பு வழக்கும் இல்லை.

1961இல் சிறார் பாதுகாவலர் சட்டம் வந்தது. சிறாரின் நலனே முதன்மை என்று நீதிமன்றம் கருத வேண்டும் என அச்சட்டம் கூறிய போதிலும், இயல்பான பாதுகாவலராக அது தந்தையையே குறித்தது. தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை என்ற திருத்தம் 1999இல்தான் செய்யப்பட்டது. முப்பத்தெட்டு ஆண்டுகள்!

இடைப்பட்ட காலத்தில் பெண்கள் இயக்கம் செயற்பட்டது. 1963இல் அமைந்த தேசிய மகளிர் இயக்கங்களின் மன்றம், முஸ்லிம் அல்லாதாரின் மணச் சட்டங்களைச் சீர்திருத்தக் கோரியது. தலைமை நீதிபதி ஓங் ஹோக் தை தலைமையிலான அரச ஆணையம் 1970களின் தொடக்கத்தில் இதனை ஆராய்ந்தது. அதன் பயனாக 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒருதார மணம், கட்டாயப் பதிவு, நீதிமன்ற மணவிலக்கு, ஜீவனாம்சம், பிள்ளையின் பராமரிப்பு உரிமை ஆகியவை ஒரே சட்டத்துள் வந்தன.

இச்சட்டத்தின் 88ஆம் பிரிவு நம் கட்டுரைக்கு மையமானது. பிள்ளையின் நலனே தலையாய கருத்து. அதற்குட்பட்டுப் பெற்றோரின் விருப்பமும், கருத்துச் சொல்லும் வயதுடைய பிள்ளையின் விருப்பமும் கருதப்படும். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நன்று என்ற ஊகம் உண்டு. ஆனால் அது மறுக்கத்தக்க ஊகமே. மேலும், பிள்ளையின் வாழ்க்கையை இடமாற்றத்தால் குலைப்பது விரும்பத்தக்கதன்று என்பதையும் நீதிமன்றம் நோக்க வேண்டும். ஒரே வீட்டுப் பிள்ளைகள் அனைவரையும் ஒருவரிடமே ஒப்படைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் நலனும் தனித்தனியே எடைபோடப்படும்.

இச்சட்டத்தைப் படிப்பவர், மாரியம்மன் கோயில் முன்றிலில் சொல்லப்பட்ட தீர்ப்பின் சாயலை அந்த ஏழு வயது ஊகத்தில் காணக்கூடும். சட்டத்திற்கு அது ஆங்கில நீதிமன்றங்களின்வழி வந்தது. இருப்பினும் தோட்டத்து முதியவர்க்கு அது அந்நியமாகத் தோன்றியிராது.

மலையிறங்கிய வழக்கு

உரிமை வந்தது. ஆனால் அதனைக் கேட்கும் இடம் மலையைவிட்டுப் போய்விட்டது. இக்கட்டுரையின் மையக் கருத்து இதுவே.

1948ஆம் ஆண்டுக் கீழ்நிலை நீதிமன்றங்கள் சட்டத்தின் 69ஆம் பிரிவு, சிறாரின் பாதுகாவலையோ பராமரிப்பையோ பற்றிய வழக்குகளும், மணத்தின் செல்லுபடியையும் முறிவையும் பற்றிய வழக்குகளும் செஷன்ஸ் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை என்கின்றது. இவை உயர் நீதிமன்றத்துக்கே உரியன. அதே வேளையில், 1950ஆம் ஆண்டு மணமான பெண்கள், பிள்ளைகள் ஜீவனாம்சச் சட்டப்படி செலவுத்தொகை கோரும் வழக்கைக் கீழ்நிலை நீதிமன்றமே விசாரிக்கலாம். ஆகவே ஒரு கொழுந்து பறிக்கும் பெண், பிள்ளையின் சோற்றுக்கும் பள்ளிச் செலவுக்கும் பணம் கேட்கத் தானா ராத்தாவிலுள்ள மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தை நாடலாம். அப்பிள்ளையையே கேட்க உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டும். பகாங்கில் உயர் நீதிமன்றம் குவாந்தானிலும் தெமர்லோவிலும் அமர்கின்றது.

வரைபடத்தில் கேமரன் மலை பகாங்கைச் சேர்ந்தது. சாலையிலோ அது நெடுங்காலம் பேராக்கைச் சேர்ந்ததாகவே இருந்தது. தானா ராத்தாவிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. வளைந்து வளைந்து தாப்பாவுக்கு இறங்கிய பிறகே வேறெங்கும் போகலாம். ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயான் செல்லும் சாலை வரும்வரை, சொந்த மாநிலத்தின் பிற பகுதிகளுக்குப் போவதற்கே பக்கத்து மாநிலத்துக்குள் இறங்கிச் சுற்ற வேண்டியிருந்தது. சிம்பாங் பூலாய் சாலை 2000க்குப் பின் திறந்ததால் ஈப்போ அருகில் வந்தது. மலைவாசிகள் மருத்துவமனைக்கும் துணிக்கடைக்கும் ஈப்போவுக்குச் செல்வதுபோல் வழக்கறிஞரைத் தேடியும் அங்கே செல்வது வியப்பன்று. நாள் சம்பளத்தில் வாழ்பவர்க்கு ஒவ்வொரு பயணமும் இரு இழப்பு. பேருந்துக் கட்டணம் ஒன்று, அன்றைய கூலி மற்றொன்று. வழக்கு ஒத்திவைக்கப்பட்டால் இரண்டும் மீண்டும்.

உயர் நீதிமன்றத்தை அடையுமுன் மற்றொரு படி உண்டு. இருவரும் உடன்பட்டு மணவிலக்குக் கோரினாலன்றி, 106ஆம் பிரிவின்படி முதலில் சமரசக் குழுவை நாட வேண்டும். தேசியப் பதிவிலாகாவின் திருமணத் தீர்ப்பாயமே பெரும்பாலும் அப்பணியைச் செய்கின்றது. அங்கே வழக்கறிஞர் வாதாட இடமில்லை. குடும்பத்தார் உடன் வரலாம். ஒரு வகையில் இது பழைய கோயில் முன்றிலின் அரசாங்க வடிவம் எனலாம். இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைப் பெற்ற பின்னரே மனுத் தாக்கல் செய்யலாம். கணவன் கைவிட்டுப் போய் இருப்பிடம் தெரியாத நிலை போன்ற சிலவற்றுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்கு இருப்பதை எடுத்துச் சொல்லும் ஆள் இல்லாமையால், வராத கணவனுக்காகத் தீர்ப்பாயத்தின் தேதிகளை எண்ணிக்கொண்டு காத்திருப்பவர்களும் உண்டு.

பதிவில்லாத மணம் இதனினும் கடினமான சிக்கல். 1982க்கு முன்னர் வழக்கப்படி நடந்த மணங்களைச் சட்டம் பதியப்பட்டவையாகவே கொள்ளும். அதற்குப் பின்னர்க் கோயிலில் தாலி கட்டி, விருந்து வைத்து, பதிவுக்குச் செல்லாமல் விட்டவர்களின் நிலை வேறு. பதியாத மணத்தை முறிக்கும்படி கேட்பது எவ்வாறு? 1957ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, மணமாகாத பெற்றோரின் பிள்ளைக்கு இருவரும் சேர்ந்து கேட்டாலன்றித் தந்தையின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஏறாது. ஊரே கூடி வாழ்த்திய மணம் சான்றிதழில் மணமாகாத நிலையாக மாறும் அவலத்தை, வழக்கறிஞரின் மேசைக்கு முன் அமரும்போதுதான் பலர் முதன்முதலாக அறிகின்றனர்.

லயத்து வீட்டின் பங்கினையும் இங்கே கூற வேண்டும். அடி பொறுக்காமல் வெளியேறும் பெண், கணவனின் பெயரில் உள்ள வீட்டை விட்டே வெளியேறுகின்றாள். அதே தோட்டத்தில் வேலை செய்பவளாயின் வேலையையும் சேர்த்து விடுகின்றாள். பிள்ளையோ அதே லயத்தில், அதே பள்ளியில், அதே பாட்டியின் கைச்சோற்றில் தொடர்கின்றது. சில மாதங்கள் கழித்து அவள் மனுச் செய்யும்போது, இடமாற்றத்தால் பிள்ளையின் வாழ்வைக் குலைக்கலாகாது என்ற அதே 88ஆம் பிரிவு தகப்பனின் பக்கம் நின்று பேசத் தொடங்குகின்றது. தாமதம் எவ்வளவு நீளுகின்றதோ அவ்வளவு அவள் வாதம் மெலிகின்றது. ஆகவே வழக்கறிஞரைக் கண்டடையும் வேகமே வழக்கின் முடிவைப் பாதிக்கும் காரணியாகிவிடுகின்றது. இப்பிரிவை இயற்றியவர்கள் வேலையோடு கட்டுண்ட வீட்டை எண்ணிப் பார்த்திருப்பார்களா என்பது ஐயமே.

வழக்கறிஞரை அடைந்த வழிகள்

கூலிக்குச் சங்கம் இருந்தது. 1954இல் பி.பி. நாராயணன் முதலியோரின் உழைப்பால் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் சம்பளம், வேலைநீக்கம், வீடு பற்றிப் பேசியது. பள்ளிக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயிலுக்கு நிருவாகக் குழு, அடையாள அட்டைக்குக் கட்சிக் கிளைத் தலைவர். பிள்ளைக்கு மட்டும் எவரும் இல்லை. ஆகவே பெண்கள் இவர்களுள் ஒருவரை இடைவழியாகக் கொண்டனர். சங்கச் செயலாளர் ஒரு வழக்கறிஞரின் பெயரைச் சொல்வார். மனு எழுதுபவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு கடிதம் எழுதித் தருவார். கிராணியார் அதனைப் படித்துப் பார்த்துத் தலையசைப்பார்.

இதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. மலேசியாவில் வழக்கறிஞர்கள் தம் தொழிலை விளம்பரப்படுத்துவது நெடுங்காலம் தடைசெய்யப்பட்டிருந்தது. 2001ஆம் ஆண்டு விளம்பர விதிகளுக்குப் பின்னரே கட்டுப்பாடுகளுடன் அதற்கு இடம் தரப்பட்டது. தரகர் வைத்து வழக்குப் பிடிப்பது இன்றும் குற்றமே. தொழிலின் கண்ணியத்தைக் காக்கவே இத்தடை ஏற்பட்டது. நகரத்துப் படித்தவர்க்கு அதனால் இடையூறில்லை. அவர்க்கு வழக்கறிஞர் நண்பரோ உறவினரோ இருப்பார். தோட்டத்துப் பெண்ணுக்கோ, எந்த வழக்கறிஞர் குடும்ப வழக்கை எடுப்பார், எவர் நில ஆவணம் பார்ப்பார் என்பதை அறியப் பெயர்ப்பலகை உதவாது. கண்ணியம் காத்த தடை, தடை செய்யப்பட்ட அதே தரகனிடம் அவளைத் தள்ளியது.

அரசின் சட்ட உதவிப் பணியகம் 1970இல் தொடங்கப்பட்டு, 1971ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தால் உறுதி பெற்றது. பின்னர் அது துறையாக உயர்ந்தது. வருமானத்தையும் உடைமையையும் சோதித்து, தகுதியுடையோர்க்குக் குடும்ப வழக்குகளில் அது வழக்கறிஞரை அளிக்கின்றது. மணவிலக்கு, ஜீவனாம்சம், பிள்ளைப் பராமரிப்பு ஆகியவை அதன் பணிகளுள் முதன்மையானவை. வழக்கறிஞர் மன்றமும் 1980களின் தொடக்கத்திலிருந்து தன் சட்ட உதவி மையங்களை நடத்தி வருகின்றது. அம்மையங்களுக்கு வழக்கறிஞர்களே ஆண்டுதோறும் பணம் செலுத்துகின்றனர் என்பது பலரும் அறியாத செய்தி. 1982இல் தொடங்கிய பெண்கள் உதவி அமைப்பு அடிபட்ட பெண்களுக்குத் தங்குமிடமும் ஆலோசனையும் தந்து வருகின்றது. ஆக, வாசல்கள் இல்லாமல் இல்லை. அவை யாவும் மலைக்குக் கீழே, அலுவலக நேரத்தில், விண்ணப்பப் படிவத்துடன் திறந்திருக்கும் வாசல்கள்.

அண்டை நாடுகளை நோக்கினால் இந்த அமைப்பு தவிர்க்க முடியாத ஒன்றன்று என்பது விளங்கும். இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டத்தார்க்கும் வறுமையும் லயமும் உண்டு. எனினும் அங்கே மணவிலக்கு வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியது. நுவரெலியா நகரிலேயே அந்நீதிமன்றம் உள்ளது. இந்தியாவின் 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், அதன் 13ஆம் பிரிவில், வழக்கறிஞர்வழி வாதாடுவதை உரிமையாகக் கோர இயலாது என்கின்றது. கட்சிக்காரரே நீதிபதியிடம் பேச வேண்டும் என்பது அதன் கருத்து. நடைமுறையில் அனுமதி பெற்று வழக்கறிஞர் வரவே செய்கின்றனர். ஆயினும் வழக்கறிஞர் இல்லாதவளின் பேச்சுக்கும் இடமுண்டு என்று சட்டமே ஒப்புக்கொண்ட நிலை அது. நம் நாட்டு உயர் நீதிமன்றத்திலும் ஒருவர் தாமே வாதாடத் தடையில்லை. மனு, சத்தியப் பிரமாணப் பத்திரம், இடைக்கால ஆணைக்கான விண்ணப்பம் ஆகியவற்றைத் தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திய தாய் தாமே தயாரிப்பார் என்று எதிர்பார்ப்பதுதான் இயலாதது.

வாய்மொழியும் வாக்குமூலமும்

தமிழ்த்துறையினராகிய நமக்கு இவ்வழக்குகளில் மிகவும் கவலை தருவது மொழியே. நம் நீதிமன்றங்களில் பெரும்பாலும் ஆங்கிலமே வழங்கி வந்த நிலை மாறி, தேசிய மொழிச் சட்டத்தில் 1990இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின் மலாய் முதன்மை பெற்றது. தாய் தமிழில் சொல்கின்றாள். வழக்கறிஞரின் எழுத்தர் மலாயில் தட்டச்சு செய்கின்றார். அவள் கையொப்பமிடுகின்றாள். பராமரிப்பு வழக்குகள் பெரும்பகுதி இந்த எழுத்து வாக்குமூலங்களாலேயே தீர்மானிக்கப்படுகின்றன.

இந்த வழியில் எவையெவை உதிர்கின்றன என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். "பெரியம்மா வளர்த்தா" என்பதில் அன்னைக்கு நிகரான ஒருத்தி இருக்கின்றாள். மலாய்ச் சொல்லிலும் ஆங்கிலச் சொல்லிலும் அவள் அத்தை, மாமி, சித்தி எல்லோருக்கும் பொதுவான ஓர் உறவினளாகச் சுருங்குகின்றாள். 88ஆம் பிரிவோ, பெற்றோர் அல்லாத உறவினரிடம் பிள்ளையை ஒப்படைப்பது தனித்த சூழல்களில் மட்டுமே என்கின்றது. "ஆயாக் கொட்டகையில விட்டுட்டு வேலைக்குப் போனேன்" என்பது தோட்டத்தில் ஒவ்வொரு தாயும் செய்யும் பொறுப்பான செயல். மொழிபெயர்ப்பில் அது பிள்ளையை வேறொருவரிடம் விட்டுச் சென்றதாகப் படிக்கப்படலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதனையே பிடித்துக்கொண்டால் வியப்பதற்கில்லை. "அடிப்பாரு" என்று பணிவிகுதியோடு கணவனின் கொடுமையைச் சொல்லும் பெண்ணின் குரலில் உள்ள அச்சமும் மரியாதையும் எந்த மொழியின் வாக்குமூலத்தில் ஏறும்?

தமிழறிந்த வழக்கறிஞரைத் தேடுவது இன உணர்வால் மட்டுமன்று என்பதை இவை காட்டும். தோட்டத்து வழக்கை அறிந்தவர், 'மாலை நான்கு மணிக்கு யார் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்தார்? காய்ச்சல் வந்தபோது யார் கிளினிக்குக்குத் தூக்கிச் சென்றார்? அட்டை யார் பெயரில் உள்ளது?' என்று கேட்பார். பிறப்புச் சான்றிதழ், மணப்பதிவு, சம்பளச் சீட்டு, கிளினிக் அட்டை, பள்ளி முன்னேற்ற அறிக்கை ஆகிய ஐந்தும் நகலெடுத்து வைத்திருக்கும் தாய்க்குப் பாதி வழக்கு முடிந்தது எனலாம். நாம் சந்தித்தவர்களுள் இவற்றைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறிய ஒருவரும் இருந்தார். எவரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

ஈப்போவில் தொடங்கிய வழக்கு

பராமரிப்பு உரிமை என்றவுடன் மலேசியத் தமிழர் நினைவுக்கு வருவது இந்திரா காந்தி வழக்கு. பெயரால் இந்தியப் பிரதமரை நினைவூட்டும் இவர், ஈப்போவைச் சேர்ந்த மழலையர் பள்ளி ஆசிரியை. 2009இல் கணவர் இஸ்லாத்தைத் தழுவி, மூன்று பிள்ளைகளையும் தாயின் இசைவின்றி மதமாற்றிப் பதிந்தார். கடைசிப் பிள்ளை பதினொரு மாதக் கைக்குழந்தை. தந்தை அக்குழந்தையை எடுத்துச் சென்றார். ஷரியா நீதிமன்றம் தந்தைக்குப் பராமரிப்பு உரிமை அளிக்க, 2010இல் ஈப்போ உயர் நீதிமன்றம் மூன்று பிள்ளைகளையும் தாய்க்கு அளித்தது. 2013இல் மதமாற்றச் சான்றிதழ்களை உயர் நீதிமன்றம் இரத்து செய்தது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மையால் அதனை மாற்றியது. 2018 ஜனவரி 29ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் ஒருமனதாகத் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒருவர் மதம் மாறிய நிலையில் இருதரப்பும் மணவிலக்குக் கோர இடமளிக்கும் வகையில் 51ஆம் பிரிவைத் திருத்திய சட்டம் 2017இல் நிறைவேறி 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மதமாற்றத்துக்கு இரு பெற்றோரின் இசைவும் வேண்டும் என்ற விதி அத்திருத்தத்தில் இடம்பெறவில்லை.

இவ்வழக்கு அரசமைப்புச் சட்டத்தின் நோக்கிலேயே பெரிதும் ஆராயப்பட்டுள்ளது. நாம் இதனை வேறொரு நோக்கிலும் படிக்க விரும்புகின்றோம். ஒன்பது ஆண்டுகள், நான்கு நிலை மன்றங்கள், முன்னும் பின்னுமான தீர்ப்புகள். எம். குலசேகரன் உள்ளிட்ட வழக்கறிஞர்கள் இடைவிடாது உடன் நின்றிராவிடின் அத்தாய் முதல் தடையிலேயே திரும்பியிருப்பார். ஊரறிந்த வழக்குக்கு அத்தகைய துணை அமைந்தது. கேமரன் மலையில் மதச் சிக்கல் ஏதுமில்லாத, செய்தித்தாளுக்குச் சுவையில்லாத ஒரு சாதாரண மணமுறிவுக்கு அது அமைவதில்லை. மேலும், இத்தனை வலிய துணையும் ஆணையைப் பெற்றுத் தந்ததேயன்றிப் பிள்ளையைப் பெற்றுத் தரவில்லை. 2018க்குப் பின்னரும் பல ஆண்டுகள் அப்பிள்ளை தாயிடம் வந்து சேரவில்லை.

சிரம்பானில் நிகழ்ந்த மற்றொரு வழக்கு நாம் முன்னர்க் கூறிய தாமதத்தின் பொருளை விளக்கும். 2014இல் உயர் நீதிமன்றம் இரு பிள்ளைகளையும் தாய்க்கு அளித்தது. சில நாள்களில் தந்தை மகனைக் கொண்டு சென்றார். 2016இல் கூட்டரசு நீதிமன்றம், உயர் நீதிமன்றத்துக்கே அதிகாரம் உண்டு என்று உறுதி செய்தபின், பிள்ளைகள் அப்போது இருந்த இடங்களிலேயே இருக்குமாறு மகளைத் தாயிடமும் மகனைத் தந்தையிடமும் விட்டது. சட்டத்தில் வென்ற தாய்க்குக் காலம் ஒரு பிள்ளையைக் குறைத்துவிட்டது.

பள்ளி வாசல்

இவ்வாய்விதழைப் படிக்கும் ஆசிரியர்கள் இவ்வரலாற்றுக்கு வெளியே நிற்பவர்கள் அல்லர். பிள்ளைச் சண்டை முதலில் வந்து நிற்கும் அரசு நிறுவனம் நீதிமன்றமன்று, தமிழ்ப்பள்ளியே. பள்ளிப் பதிவேட்டில் பாதுகாவலர் பெயர் எழுதப்படும் இடத்தில் யார் பெயர் உள்ளதோ அது ஒரு நாள் வாக்குமூலத்தில் இணைப்பாகச் சேரும். முன்னேற்ற அறிக்கையில் எவர் கையொப்பமிட்டு வந்தார் என்பதும் அவ்வாறே. தலைமையாசிரியர் ஒருவர் நம்மிடம் கூறினார்: ஒரு பிற்பகல் தாய் முன்வாசலிலும் தகப்பன் பின்வாசலிலும் நின்றனர். இருவரும் பெற்றோர். நீதிமன்ற ஆணை எவரிடமும் இல்லை. எவரையும் தடுக்க அவருக்கு அதிகாரமும் இல்லை. இரண்டாம் ஆண்டு மாணவியை அலுவலக அறையில் அமர்த்தி, மைலோ கலக்கிக் கொடுத்து, இருவரையும் மேசையின் இருபுறமும் உட்கார வைத்து, அன்று மாலைவரை பேசினாராம். "பழைய காலத்துக் கங்காணி செஞ்ச வேலையத்தான் நானும் செஞ்சேன்" என்று சிரித்தார்.

அன்று தாயுடன் போன அம்மாணவி அடுத்த வாரம் பள்ளிக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து சிவப்புக் கோடுகள். ஒரு மாதம் கழித்து வேறொரு மாநிலத்துப் பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டுக் கடிதம் வந்தது. கடிதத்தில் பாதுகாவலர் என்று எழுதப்பட்டிருந்தது தாயின் பெயருமன்று, தகப்பனின் பெயருமன்று. தலைமையாசிரியர் சான்றிதழில் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டு, நகலொன்றைத் தம் மேசை இழுப்பறையில் வைத்திருக்கின்றார். யாரேனும் ஒரு வழக்கறிஞர் கேட்டு வந்தால் கொடுப்பதற்காக.